காணிப்பாக்கத்துப் பதினோரு ஓட்டு

என் சகலைக்கு எல்லாமே முதலில் கிடைக்கும். நகரியில் தறி ஓட்டும் குடும்பத்தில் அக்காவை நான் கட்டினேன். ஆறு வருஷம் கழித்துத் தங்கையை அவன் கட்டினான். முறைப்படி மாமியார் வீட்டில் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்குத்தான், அந்த ஆறு வருஷமும் அது எனக்குத்தான் விழுந்தது. ஆனால் அவன் காணிப்பாக்கத்துக்காரன். வரும்போதெல்லாம் விநாயகர் பிரசாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வருவான். சாமி பிரசாதத்தோடு வந்தவரைக் காக்க வைக்கலாமா என்று மாமியார் அவனை முதல் இலையில் உட்கார வைத்துவிடுவார். சாமி பெயரைச் சொல்லி நடப்பதை யார் தட்டிக் கேட்பது? நான் இரண்டாவது இலையில் உட்கார்ந்து, முதல் இலையில் விழும் அப்பளத்தைப் பார்த்தபடி சாப்பிடுவேன்.

இரண்டு பேருக்கும் ஒரே தொழில், போட்டோ. அவன் ஸ்டூடியோ காணிப்பாக்கத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. புது வண்டி வாங்கிப் பூஜைக்குக் கொண்டு வருகிறவர்களை வண்டியோடு நிற்க வைத்து எடுப்பான். வெயில் தாழ்ந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். என் ஸ்டூடியோ திருச்சானூரில். எனக்குக் கல்யாணங்கள்தான் பிழைப்பு. விடியற்காலை முகூர்த்தம் என்றால் மணப்பெண்ணுக்கு முன்னால் நான் எழுந்திருக்கவேண்டும். தொழிலில் அவனைவிட நான் ஒருபடி மேல். இதை அவனே ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்டுவிட்டு முதல் இலையில் உட்காருவான்.

இதற்குப் பெயர் பொறாமை என்று என் மனைவி சொல்வாள். நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவன் மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறாள். பனி கொட்டும் சின்ன மாநிலம். என் மகன் நியூ ஜெர்சி. அங்கே நம் ஜனங்கள் திருப்பதி பஸ் ஸ்டாண்டு மாதிரி எந்தப் பக்கம் திரும்பினாலும் இருப்பார்களாம். கோயில் உண்டு, இட்லி மாவு கிடைக்கும். யாராவது விசாரித்தால் நியூ ஜெர்சி என்று நிறுத்திச் சொல்வேன். நியூ ஹாம்ப்ஷயர் என்பதை அவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உச்சரிப்பதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்தச் சிரிப்பும் ஒரு தை மாதம் நின்று போனது. சித்தூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சகலை தன் போனை எடுத்து வரிசையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தான். படத்தில் அவன் மருமகன் ஒரு ஓட்டல் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான், அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அமெரிக்க ஜனாதிபதி ஆகவேண்டும் என்று கிளம்பியவர்களில் ஒருவராம்.

"மாப்ள டிபன் துன்னுக்கினு இருந்தாராம்ணா, அவரே வந்து கை குடுத்து, எனக்கு ஓட்டு போடுங்கன்னு கேட்டாராம். அங்க வீட்டு வாசலுக்கே வந்துடுவாங்களாம். அவங்க ஊர்தான் மொதல்ல ஓட்டு போடுதாம்."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் இன்னொரு சுற்று உண்டு. ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் நிற்கப்போவது யார் என்று மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். எல்லா மாநிலமும் ஒரே நாளில் போடுவதில்லை. நியூ ஹாம்ப்ஷயருக்குத் தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்தச் சின்ன மாநிலத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவர் பின்னால் ஊரே ஓடும். படத்தில் இருந்தவர் கடைசியில் தேறவில்லை, அது வேறு கதை. ஆனால் தோள்மேல் கை விழுந்தது விழுந்ததுதானே?

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் போட்டேன். உங்கள் பக்கம் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

"இங்க யாரும் வரமாட்டாங்க நைனா. எங்களுக்கு ஜூன்லதான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். பாதிப் பேர் வாபஸ் வாங்கிக்கினு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"அப்போ நீங்க இன்னாத்துக்கு ஓட்டு போடறீங்க?"

"போடணும், போடறோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை ஜனம் இருக்கும் மாநிலத்தை வாசலில் நிறுத்திவிட்டு, கைப்பிடி ஜனம் இருக்கும் மாநிலம் உள்ளே உட்கார்ந்து முடிவு செய்வது என்ன நியாயம்? முதல் கோணல் முற்றும் கோணல் என்று மனைவியிடம் அரைமணி நேரம் பேசினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "உங்க புள்ள நியூ ஹாம்ப்ஷயர்ல இருந்திருந்தா இதெல்லாம் பேசுவீங்களா?" என்றாள். பேசியிருக்கமாட்டேன். போட்டோவைச் சட்டமிட்டுக் கடையில் மாட்டியிருப்பேன்.

அமெரிக்காவை நம்மால் திருத்த முடியாது. ஆனால் எங்கள் சங்கத்திலும் அதே அநியாயம் வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது, அதுவும் அதே சகலைக்குச் சாதகமாக.

போட்டோ, வீடியோ எடுப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் உண்டு. தலைவரை பிரசிடெண்ட் என்றுதான் அழைப்போம். நல்ல நாளில் எங்களை ஒரு இடத்தில் கூட்ட முடியாது. ஆளுக்கொரு மண்டபத்தில் இருப்போம். அதனால் தேர்தல் எப்போதும் ஆஷாடத்தில்தான். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம், நமக்கு ஆடி. இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டி வருவதால் ஒன்றரை மாதம் கல்யாணமே இருக்காது. அந்தச் சும்மா இருக்கும் நாட்களில் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு ஊர் ஓட்டுப் போடும். எங்களுக்கு ஒரே ஒரு ஓட்டுப் பெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர் ஒருவர். ஓட்டுப் போட்டவுடன் அங்கேயே எண்ணி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்.

முதல் செவ்வாய் காணிப்பாக்கம், பிறகு சித்தூர், பிறகு நகரி. கடைசியில் திருப்பதியும் திருச்சானூரும் சேர்ந்து ஒரே நாளில். எங்கள் இரண்டு ஊரிலும் சேர்த்து நூற்றறுபது பேர் இருக்கிறோம். காணிப்பாக்கத்தில் பதினோரு பேர். இருந்தாலும் அவர்கள்தான் முதல், ஏனென்றால் அது பிள்ளையார் ஊர். பிள்ளையாரை முன்னால் வைக்காமல் எந்தக் காரியத்தைத் தொடங்குவது? சங்கம் ஆரம்பித்தபோது யாரோ பக்தியாகச் செய்தது அப்படியே நின்றுவிட்டது. காணிப்பாக்கத்தில் தோற்றவர் அதன்பிறகு எந்த ஊரிலும் தலையெடுத்ததில்லை. பிள்ளையாரே கைவிட்டுவிட்டார் என்று மற்ற ஊர்க்காரர்கள் ஜெயிக்கிற பக்கம் சாய்ந்துவிடுவார்கள். எங்கள் முறை வரும்போது ஒரே பெயர்தான் மிச்சமிருக்கும்.

போன ஆஷாடத்தில் பிரசிடெண்டுக்கு நான் நின்றேன். சங்கத்துக்கு அதைச் செய்கிறேன் இதைச் செய்கிறேன் என்று நோட்டீஸில் போட்டேன். உண்மையில் எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களை மேடையில் நிற்க வைத்துப் படம் எடுத்தவன், ஒருமுறை மேடையில் நிற்க ஆசைப்பட்டேன். கீழே நாற்காலி வரிசையில் என் சகலை உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இதை நோட்டீஸில் போடவில்லை.

என்னை எதிர்த்து நின்றவர் சித்தூரில் பெரிய ஸ்டூடியோ வைத்திருப்பவர். அவரிடம் இரண்டு ட்ரோன் இருந்தது. என்னிடம் நியாயம் இருந்தது. தேர்தலுக்கு முன் நடந்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, ஊர் வரிசையை இனிமேல் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவேண்டும் என்று பேசினேன். பதினோரு பேர் சங்கத்தின் இருநூற்றுத் தொண்ணூறு பேருக்கு வழி காட்டுவது சரியா என்று கேட்டேன். திருப்பதிக்காரர்கள் கை தட்டினார்கள். ஹெட்மாஸ்டர் மைக்கை வாங்கி, "முந்து வினாயகுடு. தர்வாத்தே எவரைனா" என்று தெலுங்கில் சொல்லி முடித்துவிட்டார். முதலில் விநாயகர், மற்றவர்கள் அப்புறம்தான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கை தட்டியவர்களும்தான்.

அந்த வாரமே காணிப்பாக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. திருச்சானூர்க்காரர் பிள்ளையாரைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னாராம். நான் வரிசையைப் பற்றிப் பேசினேன், அவர்கள் பிள்ளையாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்கள். போய் விளக்கியிருந்தால் சரியாகியிருக்கும். நான் போகவில்லை.

ட்ரோன்காரர் போனார். நான்கு தடவை போனார். பதினோரு பேர் வீட்டிலும் உட்கார்ந்து காபி குடித்தார். அவர்களில் ஒருவர் பிள்ளைக்குப் பிறந்தநாள் வர, ட்ரோனைப் பறக்க விட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் காலை என் மனைவிக்கு அவள் தங்கையிடமிருந்து போன். ட்ரோன்காரர் சகலை வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம், சட்னி நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தடவை கேட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது. அந்த வீட்டுச் சட்னியை நான் ஒருமுறைகூடப் புகழ்ந்ததில்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நீங்களும் போய் வாய் விட்டு ஒரு வார்த்தை கேளுங்க," என்றாள் மனைவி.

"மூத்த மாப்பிள்ளை நான் போய் அவன்கிட்ட கேக்கணுமா? சொந்தம்னா தானா போடணும்."

"அவரு இன்னா ஜோசியரா, நீங்க மனசுல நெனக்கறத தெரிஞ்சிக்க?"

அவள் தொல்லை தாங்காமல் ஓட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காணிப்பாக்கம் போனோம். சகலை வாசலுக்கு வந்து அழைத்துப் போனான். காபி வந்தது. மழை இல்லாததைப் பேசினோம், பேரப்பிள்ளைகளைப் பேசினோம். பேச்சு தானாக வரிசைப் பிரச்சினைக்கு வந்தது.

"நீ கூட்டத்துல பேசினியேணா, அது ஒரு வகைல சரிதான்," என்றான். "ஆனா இதையும் பாரு. நாங்க பதினோரு பேரு. நிக்கறவரு எங்க ஒவ்வொருத்தர் எதிர்லயும் வந்து உக்காந்தாகணும். அவரு எப்டி பேசறாரு, எப்டி பதில் சொல்றாருன்னு பக்கத்துல வெச்சு பாக்கறோம். உங்க ஊர்ல நூத்தறுவது பேரு. கும்பல்ல கையத் தூக்கிக் கும்பிட்டுக்கினு போயிடலாம். யாரு ஆளைப் பாக்கப் போறாங்க?"

அதில் நியாயம் இருந்தது. அவன் சொன்ன ஒரே காரணத்துக்காக அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ம் என்று மட்டும் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த அவன் மருமகனின் படத்தைப் பார்த்தேன். வெள்ளைக்காரரின் கை தோள்மேல் அப்படியே இருந்தது.

"அப்புறம்ணா?" என்றான்.

"அப்புறம் இன்னா, வரேன்," என்று எழுந்துவிட்டேன். கிளம்பும்போது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், பஸ் பிடிக்க ஏறிய ஷேர் ஆட்டோவின் எஞ்ஜினே சூடேறியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஹெட்மாஸ்டரின் செய்தி வந்தது. காணிப்பாக்கம்: ட்ரோன்காரருக்குப் பதினொன்று, எனக்கு முட்டை. ஒன்றாவது விழுந்திருந்தால் அது சகலையுடையது என்று நினைத்து ஆறியிருப்பேன். பூஜ்யத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. குரூப்பில் கும்பிடும் கைகளும் பிள்ளையார் படங்களும் வரிசையாக விழுந்தன. சொந்த சகலையே போடவில்லையே, ஊர்க்காரன் எப்படிப் போடுவான் என்று நகரியிலிருந்து ஒருவர் எழுதிவிட்டு உடனே அழித்தார். அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வெள்ளைத்தாளை எடுத்து வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படம் பிடித்து ஹெட்மாஸ்டருக்கு அனுப்பினேன். உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதியிருந்தேன். இன்னும் இரண்டு ஊர் முடியட்டும் என்று மனைவி சொன்னாள். திருச்சானூரில் எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர் கடைக்கே வந்து, அவசரப்பட்டுவிட்டாய் என்றார்கள். நான் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. பதினோரு பேர் சேர்ந்து என்னை முடித்துவிட்டார்கள், இந்த வரிசை இருக்கும்வரை எவனும் உருப்பட முடியாது என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்வதற்குச் சுகமாகத்தான் இருந்தது.

போட்டி இல்லாவிட்டாலும் எல்லா ஊரும் ஓட்டுப் போட்டாகவேண்டும் என்பது எங்கள் விதி. சித்தூர் போட்டது, ஐம்பத்திரண்டு. நகரி போட்டது, இருபத்தாறு. பாதிப்பேர் வரவேயில்லை. நான்காவது செவ்வாய் பெட்டி எங்கள் ஊருக்கு வந்தது. ஒரு சின்ன மண்டபத்தைப் பிடித்து, ஓட்டுப் போட்டவர்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணம் இல்லாத மாதம், மண்டபச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கிப் போயிருக்கும். மண்டபம் நிறையத் திரண்டிருந்த கூட்டத்துக்குக் காரணம் பாயசம்தான் என்று நினைத்தேன்.

எங்களுடையது அச்சடித்த சீட்டு இல்லை. வெற்றுத்தாளில் பெயரை எழுதி மடித்துப் போடவேண்டும். நான் ஒரு மூலைக்குப் போய் ட்ரோன்காரரின் பெயரை எழுதினேன். வாபஸ் வாங்கியவன் கௌரவமாக நடந்துகொண்டான் என்று இருக்கட்டும் என்று பட்டது.

எண்ணும்போது முந்தின ஊர்களிலிருந்து ஒருவர் வந்து சீட்டைப் பிரித்துப் படிக்கவேண்டும். காணிப்பாக்கத்திலிருந்து என் சகலை வந்திருந்தான். எண்ணும் இடத்திலும் அவன்தானா முன்னால் என்று எரிச்சலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அவன் முதல் சீட்டைப் பிரித்தான். கொஞ்சம் தயங்கி என் பெயரைப் படித்தான். ஹெட்மாஸ்டர் செல்லாது என்றார். இரண்டாவது சீட்டிலும் என் பெயர். செல்லாது. மூன்றாவது ட்ரோன்காரர். பிறகு திரும்பவும் நான், திரும்பவும் நான். சிலர் என் பெயரோடு ஸ்டூடியோ பெயரையும் எழுதியிருந்தார்கள். ஒருவர், வாபஸ் வாங்கினா நாங்க விட்டுடுவமா என்று எழுதியிருந்தார். அதையும் சகலை முழுசாகப் படித்தான். தெலுங்கில் எழுதியதைத் தெலுங்கிலும் தமிழில் எழுதியதைத் தமிழிலும் படித்தான். இடையில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ட்ரோன்காரருக்கு முப்பத்தொன்று. செல்லாதது நூற்று இருபத்து நான்கு. காணிப்பாக்கம் தொடங்கி நான்கு ஊரிலும் அவருக்கு விழுந்ததை என் வாய் தானாகக் கூட்டியது. நூற்று இருபது. நான் நின்றிருந்தால் சித்தூரில் அவருக்கு இன்னும் கூடியிருக்கும், நகரியில் எனக்கும் கொஞ்சம் விழுந்திருக்கும். ஜெயித்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் போட்டி என்று ஒன்று நடந்திருக்கும். எங்கள் ஊரில் செல்லுபடியான முப்பத்தொன்றில் ஒன்று நானே எழுதியது.

ட்ரோன்காரருக்கு மாலை போட்டார்கள். நான் சாப்பிடாமல் வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனேன். சகலை பின்னாலேயே வந்து வண்டியின் முன்னால் நின்றுகொண்டான். அவன் முகம் கடுகடுவென்று இருந்தது. கோபப்படவேண்டியவன் நான், அதையும் அவன் எடுத்துக்கொண்டான்.

"ஏண்ணா, பதினோரு ஓட்டுக்கு எவனாவது வாபஸ் வாங்குவானா?"

"நீ போடலியே."

"நான் போடலதான். ஞாயித்துக்கெழம அவ்ளோ நேரம் எதிர்ல உக்காந்திருந்தே, நீ வாயத் தொறக்கல. அவரு கேட்டாரு, அவருக்குப் போட்டேன். பொய் சத்தியம் பண்ணா விடாத பிள்ளையாரு ஊர்ல இருந்துக்கினு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா நீ நிப்பேன்னு நெனச்சேன்ணா. உன் ஊரு முழுசா பாக்கி இருந்துச்சே."

உடம்பு சரியில்லை என்று முனகினேன். அவன் நம்பவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். வெயிலில் நெருப்பாக இருந்த வண்டி சீட்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று வாபஸ் எழுதும்போது இந்த நூற்றறுபது பேரில் ஒருவர் முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்னும் மூன்று செவ்வாய் நான் தோற்பதை அவன் வேடிக்கை பார்க்கக்கூடாது என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. காணிப்பாக்கத்துக்காரர்கள் போட்டது பதினோரு ஓட்டு. மீதி அத்தனை பேருடைய ஓட்டையும் அந்த மத்தியானம் நானே போட்டுவிட்டேன்.